முழுநிறை ஆட்டம்

வென்றவர் பெயரை உலகம் நினைவிற் கொள்ளும். தோற்றவர் பெயரை மறந்துவிடும். இஃது ஆடுகளத்தின் பொதுவழக்கு. ஆயின், 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் இவ்வழக்கு மாறிற்று. அவ்வாட்டம் பேசப்படும்போதெல்லாம் முதலில் நினைக்கப்படுபவர் தோற்ற அணியின் எறிவாளரே. அவர் பெயர் ஹார்வி ஹாடிக்ஸ். தோற்றவர் ஒருவர் இத்துணைப் புகழுக்கு உரியவரானது எவ்வாறு? இதனை அறிய, முதற்கண் அவ்வாட்டத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

ஆட்டத்தின் இயல்பு

பேஸ்பால் அமெரிக்க மக்களின் பெருவிருப்புக்குரிய ஆட்டங்களுள் ஒன்று. கிரிக்கெட்டு ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இரண்டிலும் ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் அதனை மட்டையால் அடிப்பார். ஏனையோர் களத்தில் நின்று அடித்த பந்தைத் தடுப்பர். எனினும் வேறுபாடுகளும் பல உள. கிரிக்கெட்டில் ஓர் அணிக்குப் பதினொருவர், பேஸ்பாலில் ஒன்பதின்மர். கிரிக்கெட்டு மட்டை தட்டையானது. பேஸ்பால் மட்டையோ உலக்கைபோல் உருண்டது. கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையிற் பட்டு எழும். பேஸ்பாலில் அது தரையைத் தொடாமலே மட்டையாளரை நோக்கிப் பாய்ந்து வரும்.

களத்தில் சதுரமான ஓரிடம் வகுக்கப்பட்டிருக்கும். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உண்டு. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு 90 அடி. மட்டையாளர் நிற்கும் மூலையைத் தாய்த்தளம் எனலாம். எறிவாளர் அச்சதுரத்தின் நடுவே அமைந்த சிறு மேட்டின்மேல், தாய்த்தளத்திலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று பந்தை எறிவார். விரைந்து வரும் பந்து அத்தொலைவை அரை நொடிக்குள் கடந்துவிடும். அதனை அடிப்பதா, விடுவதா என்பதை மட்டையாளர் அந்த அரை நொடிக்குள் துணிந்தாக வேண்டும்.

பந்தை அடித்தவர் உடனே முதல் தளத்தை நோக்கி ஓடுவார். அங்கிருந்து இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றை முறையே தொட்டு, மீண்டும் தாய்த்தளத்தை அடைந்தால் அவருடைய அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். அடித்த பந்து தரையைத் தொடுமுன் பிடிக்கப்பட்டாலும், அவர் முதல் தளத்தை அடையுமுன் பந்து அங்கு வந்து சேர்ந்தாலும் அவர் ஆட்டமிழப்பார். அடிக்கத்தக்க பந்தை மும்முறை தவறவிட்டாலும் ஆட்டமிழப்பார். மாறாக, அடிக்கத் தகாத பந்துகள் நான்கினை எறிவாளர் எறிந்துவிட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்குச் செல்லும் உரிமை பெறுவார். களத்தில் நிற்போர் பிழை செய்யாத நிலையில், தம் அடியின் சிறப்பினாலேயே ஒருவர் தளத்தை அடைவாராயின் அவ்வடி நல்லடி எனக் கணக்கில் எழுதப்படும்.

மூவர் ஆட்டமிழந்ததும் ஓர் அணியின் முறை முடியும். இரண்டு அணிகளும் இவ்வாறு ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு சுற்று. ஓர் ஆட்டத்துக்கு 9 சுற்றுகள். ஒன்பதாம் சுற்றின் முடிவில் இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாக இருந்தால், ஓர் அணி முந்தும் வரையில் ஆட்டம் மேலும் மேலும் நீளும்.

முழுநிறை என்பது யாது?

9 சுற்றுகளிலும் ஓர் அணியில் 27 பேர் ஆட்டமிழத்தல் வேண்டும். அந்த 27 பேரும் வரிசையாக வந்து, ஒருவரேனும் முதல் தளத்தில் அடி வைக்க இயலாமல் திரும்புவாராயின், அத்தகைய ஆட்டத்தை முழுநிறை ஆட்டம் என்பர். ஒரு நல்லடியும் கூடாது; தகாத பந்துகளால் ஒருவரும் தளம் பெறுதல் கூடாது; களத்தில் நிற்போர் கையும் ஒருமுறையேனும் தவறுதல் கூடாது. இது நிகழ்தல் மிக அரிது. அமெரிக்கப் பெருங்கழகங்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களை ஆடியுள்ளன. அவற்றுள் 2023-ஆம் ஆண்டு முடிய முழுநிறை ஆட்டங்கள் என ஏற்கப்பட்டவை 24 மட்டுமே. ஹாடிக்ஸ் ஆடிய தேசிய லீக் என்னும் பிரிவிலோ, 1880-ஆம் ஆண்டுக்குப் பின் 1959-ஆம் ஆண்டு வரை அத்தகைய ஆட்டம் ஒன்றுகூட நிகழ்ந்ததில்லை.

முழுநிறை ஆட்டம் எறிவாளர் பெயராலேயே வழங்கும். ஆயினும் அது தனி ஒருவரால் ஆவதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இரு அணிகள்

1959-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் இரவு, மில்வாக்கி நகரத்து அரங்கில் இரண்டு அணிகள் எதிர்ப்பட்டன. ஒன்று அந்நகரின் பிரேவ்ஸ் அணி; மற்றொன்று பிட்ஸ்பர்க் நகரின் பைரட்ஸ் அணி. பிரேவ்ஸ் அணியினர் 1957, 1958 ஆகிய ஈராண்டுகளிலும் தேசிய லீக்கில் முதலிடம் பெற்றவர்கள். ஹாங்க் ஆரன், எடி மாத்யூஸ், ஜோ ஆட்காக் முதலிய வலிமை மிக்க மட்டையாளர்கள் அவ்வணியில் இருந்தனர். ஆரன் பிற்காலத்தில், 1974-ஆம் ஆண்டில், பேப் ரூத் என்பார் நிறுவிய 714 வேலி கடந்த அடிகள் என்னும் பேரெண்ணிக்கையையும் விஞ்சியவர். எறிவாளர் லூ பர்டெட், 1957-ஆம் ஆண்டு உலகத் தொடரில் நியூயார்க்கு அணியை மூன்று ஆட்டங்களில் வென்று புகழ் பெற்றவர்.

இத்தகைய அணியை எதிர்த்து நின்றவர் ஹாடிக்ஸ். அவர் 1925-ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர், இடக்கையால் பந்து எறிபவர், உருவத்தில் சிறியவர். அவ்வாண்டு சனவரி மாதத்தில்தான் அவர் சின்சினாட்டி அணியிலிருந்து பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். அதே மாற்றத்தில் அவருடன் வந்த இருவர் இங்குக் குறிக்கத்தக்கவர். ஒருவர், தாய்த்தளத்தின் பின்னே அமர்ந்து எறிவாளரின் பந்தைப் பிடிக்கும் ஸ்மோக்கி பர்ஜஸ். மற்றொருவர், மூன்றாம் தளத்தைக் காக்கும் டான் ஹோக்.

அன்று ஹாடிக்ஸ் சளிக்காய்ச்சலால் நலிவுற்றிருந்தார். எனினும் தமக்குரிய முறையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்பது சுற்றுகள்

ஆட்டம் தொடங்கிற்று. முதற் சுற்றில் மூவர் வந்தனர், மூவரும் திரும்பினர். இரண்டாம் சுற்றிலும் அவ்வாறே. மூன்றாம் சுற்றிலும் அவ்வாறே. விரைந்து வரும் பந்து ஒன்று, இறுதியில் சற்றே வளைந்து விலகும் பந்து ஒன்று என இருவகை எறிகளையே ஹாடிக்ஸ் பெரும்பாலும் கையாண்டார். வகை இரண்டே எனினும், குறித்த இடத்தில் குறித்தபடி பந்தைச் செலுத்தும் ஆற்றல் அன்று அவர் கையில் முற்றும் அமைந்திருந்தது.

மறுபுறம் பர்டெட்டின் நிலை வேறு. பிட்ஸ்பர்க் அணியினர் அவருடைய பந்தை அடிக்கடி நன்றாக அடித்தனர், தளங்களையும் அடைந்தனர், தாய்த்தளத்துக்கு மீள மட்டும் இயலவில்லை. மூன்றாம் சுற்றில் அவர்கள் மூன்று நல்லடிகள் அடித்தும் ஓர் ஓட்டமும் பெற்றிலர். முதல் தளத்தில் நின்ற ரோமன் மெஹியாஸ் என்பவர், அடுத்தவரின் அடிக்கு இரண்டாம் தளத்தோடு நில்லாமல் மூன்றாம் தளத்துக்கும் ஓட முயன்று ஆட்டமிழந்ததே அதற்குக் காரணம். அவர் பொறுத்திருந்தால் அடுத்து வந்த நல்லடியில் ஓர் ஓட்டம் கிடைத்திருக்கக்கூடும். அந்த ஓர் ஓட்டத்தின் அருமை அப்பொழுது எவர்க்கும் புலப்படவில்லை.

ஒன்பதாம் சுற்றும் வந்தது. மில்வாக்கி அணியில் 26 பேர் வந்து திரும்பினர். இருபத்தேழாமவர் எதிரணி எறிவாளர் பர்டெட்டே. அவரும் மும்முறை தவறி ஆட்டமிழந்தார். ஹாடிக்ஸ் 9 சுற்றுகளைக் குறைவின்றி முடித்துவிட்டார். அரங்கில் இருந்த 19,194 பேரும் பெரும்பாலும் மில்வாக்கி நகரத்தார். தம் அணி வெல்ல வேண்டுமென்று வந்தவர்கள். ஆயினும் அவர்கள் மாற்றணியின் வீரரைக் கைதட்டிப் பாராட்டினர். திறமையைக் காணுமிடத்தில் பகைமையை மறத்தல் பண்புடையோர் இயல்பன்றோ?

வேறு எந்நாளிலாயினும் அத்துடன் ஆட்டம் முடிந்திருக்கும். ஹாடிக்ஸை அவருடைய அணியினர் தோள்மேற் சுமந்து சென்றிருப்பர். ஆனால், அன்று பிட்ஸ்பர்க் அணிக்கும் ஓட்டம் இல்லை. இரு பக்கமும் சுழியமே. ஆகவே ஆட்டம் நீண்டது.

நீண்ட சுற்றுகள்

பத்தாம் சுற்றில் மூவர். பதினோராம் சுற்றில் மூவர். பன்னிரண்டாம் சுற்றில் மூவர். வந்தவர் எல்லாரும் வந்த வழியே திரும்பினர். 12 சுற்றுகளில் 36 பேர்! பெருங்கழக ஆட்டங்களில் 9 சுற்றுகளுக்கு மேல் முழுநிறையாக எறிந்தவர் அதற்கு முன் ஒருவரும் இலர். 12 சுற்றுகள் வரை அவ்வாறு எறிந்தவர் அதற்குப் பின்னும் ஒருவரும் இலர்.

இந்த 36 பேருள் 8 பேர் மும்முறை தவறி ஆட்டமிழந்தவர்கள். எஞ்சிய 28 பேரும் பந்தை அடித்தவர்களே. அடித்த பந்துகளை ஓடிப் பிடித்தும், எட்டித் தடுத்தும், முதல் தளத்துக்கு விரைந்து எறிந்தும் அவர்களை ஆட்டமிழக்கச் செய்த கைகள் பெரும்பாலும் ஹாடிக்ஸின் துணைவர் கைகள். எறிவாளர் பெயரால் வழங்கும் முழுமை ஒன்பதின்மர் உழைப்பால் ஆவது என்பதற்கு இக்கணக்கே சான்று.

பதின்மூன்றாம் சுற்று

பதின்மூன்றாம் சுற்றிலும் பிட்ஸ்பர்க் அணியினர் ஓட்டம் பெறவில்லை. மில்வாக்கி அணியின் முறை வந்தது. முதலில் வந்த பெலிக்ஸ் மன்டீயா அடித்த பந்து, தரையில் உருண்டு மூன்றாம் தளத்தருகே நின்ற டான் ஹோக்கிடம் சென்றது. அத்தகைய பந்துகளை எடுத்தெறிவதில் ஹோக் தேர்ந்தவர். பந்தை அவர் நன்றாகவே எடுத்தார்; முதல் தளத்தில் நின்ற ராக்கி நெல்சனை நோக்கி எறிந்தார். ஆனால் பந்து தாழ்ந்துவிட்டது. அது நெல்சனின் காலருகே சென்று வீழவே, அவரால் பிடிக்க இயலவில்லை. மன்டீயா முதல் தளத்தை அடைந்தார். முப்பத்தாறு பேர் எட்டாத தளத்தை முப்பத்தேழாமவர் எட்டிவிட்டார். முழுநிறை குலைந்தது.

எனினும் நல்லடி ஒன்றும் இன்னும் வரவில்லை. அடுத்து வந்த மாத்யூஸ், வேலி கடக்க அடிக்க வல்லவர். அவர் அன்று அங்ஙனம் அடிக்க முயலவில்லை. பந்தை மட்டையால் மெல்லத் தொட்டு உருட்டிவிட்டார். தாம் ஆட்டமிழந்து, மன்டீயா இரண்டாம் தளத்துக்கு முன்னேற வழிசெய்தார். தம் பெயர் விளங்குவதை விட அணி முன்னேறுவதே பெரிது என்று கருதிய செயல் அது. அடுத்தவர் ஆரன். அவரை அடிக்கவிடுதல் இடர் எனக் கருதிய பிட்ஸ்பர்க் அணியினர், வேண்டுமென்றே நான்கு தகாத பந்துகளை எறிந்து அவரை முதல் தளத்துக்கு அனுப்பினர்.

பின்னர் ஆட்காக் வந்தார். முதற்பந்து தகாத பந்தாயிற்று. இரண்டாம் பந்து ஹாடிக்ஸ் கருதிய இடத்தினும் சற்று உயர்ந்து சென்றது. ஆட்காக் ஓங்கி அடித்தார். பந்து வலப்புறத்து வேலியைக் கடந்து வீழ்ந்தது. அன்று மில்வாக்கி அணிக்குக் கிடைத்த முதல் நல்லடியும் அதுவே. இறுதி நல்லடியும் அதுவே.

குழப்பமும் தீர்ப்பும்

பந்து வேலியைக் கடந்தால், தளங்களில் நிற்போரும் அடித்தவரும் தடையின்றித் தாய்த்தளம் மீளலாம். அவ்வாறாயின் மில்வாக்கிக்கு 3 ஓட்டங்கள் கிடைத்திருக்கும். ஆனால் அங்கும் ஒரு விந்தை நிகழ்ந்தது. பந்து வேலியைக் கடந்ததை ஆரன் அறியவில்லை. மன்டீயா தாய்த்தளத்தை அடைந்ததும் ஆட்டம் முடிந்தது என்று எண்ணி, இரண்டாம் தளத்தைத் தொட்டபின் அவர் ஓடுவழியை விட்டு விலகிச் சென்றுவிட்டார். பின்னே மகிழ்ச்சியுடன் ஓடிவந்த ஆட்காக் அவரைக் கடந்துவிட்டார். முன்னே செல்பவரைப் பின்னே வருபவர் கடத்தல் விதிக்கு மாறானது. ஆகவே ஆட்காக் ஆட்டமிழந்தவராகக் கருதப்பட்டார்.

அன்றிரவு 2 ஓட்டங்கள் எனக் கூறப்பட்டது. மறுநாள் தேசிய லீக்கின் தலைவர் வாரன் ஜைல்ஸ் ஆராய்ந்து, ஆட்காக்கின் அடி இரண்டு தள அடியே என்றும், மன்டீயாவின் ஓட்டம் ஒன்றே செல்லும் என்றும் தீர்ப்பளித்தார். மில்வாக்கி 1, பிட்ஸ்பர்க் 0 என்பது முடிந்த முடிபாயிற்று. வென்ற பர்டெட் 13 சுற்றுகளில் 12 நல்லடிகளைக் கொடுத்தவர். தோற்ற ஹாடிக்ஸ் கொடுத்தது ஒன்றே ஒன்று!

பர்டெட்டின் வெற்றியையும் எளிதாக எண்ணுதல் கூடாது. பன்னிரு முறை அடிபட்டும் அவர் நிலைகுலையவில்லை; தகாத பந்துகளால் ஒருவரையும் தளத்துக்கு அனுப்பவில்லை. அன்றிரவே அவர் ஹாடிக்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். நல்லடிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிடாமல் ஒருங்கு சேர்த்து அடித்தால் அன்றோ ஓட்டம் கிடைக்கும் என நகையாடினார். களத்தில் எதிர்த்து நின்ற இருவரும் களத்துக்கு வெளியே நகைத்துப் பேசும் உரிமை உடையவராய் இருந்தனர்.

தோல்விக்குப் பின்

செய்தியாளர்கள் ஹாடிக்ஸைச் சூழ்ந்துகொண்டனர். வரலாற்றில் நிகழாத ஒன்றை நிகழ்த்தியவர் என அவரைப் போற்றினர். அவரோ, தம் அணி தோற்றது என்பதொன்றே தமக்குத் தெரியும் என்ற கருத்துப்பட மறுமொழி கூறினார். நல்லடி ஒன்றும் வரவில்லை என்பதை ஆட்டத்தின்போது அவர் அறிந்திருந்தார். எவரும் தளத்தையே அடையவில்லை என்பதில் அவருக்கு உறுதி இருந்ததில்லை. அவர் எண்ணம் எண்ணிக்கையில் இல்லை. அடுத்து எறிய வேண்டிய பந்தில் இருந்தது.

பல்லாண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. எப்பந்தை எறிய வேண்டும் என்று பர்ஜஸ் ஹாடிக்ஸுக்குக் கையால் காட்டிய குறிப்புகளை, மில்வாக்கி அணியினர் சிலர் தொலைவிலிருந்து கண்டு, தம் மட்டையாளருக்குத் துண்டின் அசைவால் உணர்த்தினர் என்பதே அது. ஆரன் மட்டும் அவ்வுதவியை ஏற்கவில்லை என்பர். வருவது இன்ன பந்து என்று முன்னரே அறிந்தும் 12 சுற்றுகளில் ஒரு நல்லடி அடிக்க அவர்களால் இயலவில்லை. களவாகப் பெற்ற குறிப்பு அவர்களுக்குப் பயன்படவில்லை; ஹாடிக்ஸின் திறமையை மேலும் விளக்கவே பயன்பட்டது.

டான் ஹோக்கின் நிலையையும் நினைத்தல் வேண்டும். ஒரு பந்து கைதவறியதால் அவர் தாழ்ந்துவிடவில்லை. அணியினரும் அவரைத் தள்ளிவிடவில்லை. மறு ஆண்டிலும் மூன்றாம் தளத்தை அவரே காத்தார். முதல் தளத்துக்கு நெல்சனும் இருந்தார். அந்த 1960-ஆம் ஆண்டில் பிட்ஸ்பர்க் அணி தேசிய லீக்கில் முதலிடம் பெற்று, உலகத் தொடரில் வலிமை மிக்க நியூயார்க்கு யாங்கீஸ் அணியை எதிர்த்தது. 7 ஆட்டங்கள் கொண்ட அத்தொடரில் ஐந்தாம் ஆட்டத்தின் வெற்றியும், 10-க்கு 9 என முடிந்த ஏழாம் ஆட்டத்தின் வெற்றியும் ஹாடிக்ஸின் பெயரிலேயே பதிவாயின. ஒரு பிழைக்காகத் துணைவரை வெறுக்காத அணி, ஒன்றரை ஆண்டுக்குள் உலக வாகை சூடிற்று.

ஏடும் உள்ளமும்

1991-ஆம் ஆண்டில் பேஸ்பால் ஆட்சியாளர் ஒரு வரையறை செய்தனர். ஆட்டம் முடியும் வரை நல்லடி ஒன்றும் கொடாத ஆட்டங்களே நல்லடியிலா ஆட்டங்களாகக் கணிக்கப்படும் என்பது அது. அவ்வரையறையின்படி ஹாடிக்ஸின் ஆட்டம் அப்பட்டியலிலிருந்து நீங்கிற்று. 36 பேரை வரிசையாக வீழ்த்தியவர் பெயர் அதில் இல்லை. 27 பேரை வீழ்த்தியவர் பெயர்கள் உள்ளன. விதி என்ற அளவில் அது பொருந்துவதே. ஆயினும் ஹாடிக்ஸ் அதற்காக வழக்காடவில்லை. தாம் செய்தது இன்னது என்பதைத் தாம் அறிவதாகக் கூறி அமைந்தார். 1994-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவ்விரவைக் கண்ட மில்வாக்கி அரங்கும் 2001-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆட்டத்தின் நினைவு மட்டும் அழியவில்லை.

ஒருவர் தம் பணியைக் குறைவறச் செய்தல் அவர் கையில் உள்ளது. அதன் பயனோ பலர் கைகளையும், காலத்தையும், சில வேளைகளில் கைதவறிய ஒரு பந்தையும் பொறுத்தது. பயன் கிட்டாதபோது துணைவரை நோவதும், பட்டியலில் பெயர் இல்லாதபோது பணியையே பழிப்பதும் அறிவுடைமை ஆகா. செய்யத்தக்கதைச் செம்மையாகச் செய்து, முடிவை நிமிர்ந்து நின்று ஏற்பவரைத் தோல்வி சிறுமைப்படுத்துவதில்லை. ஹார்வி ஹாடிக்ஸின் வாழ்வில் அந்த ஓர் இரவு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.